சிவில் பொறியியலில் முனைவர் பட்டமா? காலக்கணக்கை முதலில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிவில், கட்டமைப்பு, சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்டம் செய்ய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் நம் பிள்ளைகள் பலர் விண்ணப்பிக்கிறார்கள். இங்கேயே பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடங்கி மேலே வந்தவர்களும் உண்டு. சென்னை, திருச்சி, கோவையிலிருந்து வருபவர்களும் உண்டு. வீட்டில் பேசப்படுவதெல்லாம் உதவித்தொகை எவ்வளவு, பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எத்தனையாவது என்பதுதான். ஆனால் இந்தத் துறையில் ஒருவரைக் கரைசேர்ப்பதும் நடுவழியில் நிறுத்திவிடுவதும் வேறொன்று. பரிசோதனைக்கு ஆகும் காலம் அது. சேருவதற்கு முன்பே அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

உதவித்தொகை பெரும்பாலும் 4 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். 48 மாதம் என்றால் தாராளம் போலத் தோன்றும். பாடங்களை முடித்து, ஆய்வுத் திட்டம் எழுதி, தகுதித் தேர்வில் தேறுவதற்குள் ஒன்றரை ஆண்டு வரை ஓடிவிடலாம். ஆய்வேடு எழுத ஆறு மாதமாவது வேண்டும். ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் “இன்னும் இரண்டு மாதிரிகள் சோதித்துக் காட்டுங்கள்” என்றால் அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும். ஆகக்கூடி, சோதனைக்கூடத்தில் நின்று வேலை பார்க்கக் கிடைப்பது இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான். கணினியில் ஒரு கணக்கீடு பிசகினால் இரவோடு இரவாக மறுபடி ஓட்டிவிடலாம். களிமண்ணும் காங்கிரீட்டும் கழிவுநீர்ச் சேறும் அப்படி அல்ல.

மண்ணியல் ஆய்வைப் பாருங்கள். காலாங், மரினா வட்டாரங்களின் அடியில் கிடக்கும் கடல் களிமண் மிக மென்மையானது. தண்ணீர் அதனுள் நகர்வதே தெரியாது. அது எவ்வளவு அமிழும் என்று அறிய ஈடோமீட்டர் சோதனை செய்கிறோம். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள மண் வில்லையின் மேல் ஒவ்வொரு பாரத்தையும் ஏற்றி 24 மணி நேரம் விட வேண்டும். எட்டுப் படி ஏற்றம், நான்கு படி இறக்கம் என்றால் 12 நாள். வில்லையைச் செதுக்கிப் பொருத்துவது, முடிந்ததும் உலர்த்தி ஈரப்பதம் பார்ப்பது எல்லாம் சேர்த்தால் இரண்டு வாரம். ஆய்வுக்கு 30 மாதிரிகள் தேவை, உங்கள் பங்குக்கு மூன்று கருவிகள் கிடைத்தன என்று வையுங்கள். பத்துச் சுற்று, 20 வாரம். ஒன்றும் கெடாமல் போனாலே ஐந்து மாதம்!

கெடாமல் போவதும் அரிது. மாதிரி எடுக்கும் குழாயின் சுவர் தடித்திருந்தாலோ வெட்டுமுனை மழுங்கியிருந்தாலோ மண் அப்போதே கலங்கிவிடும். மெழுகு அடைப்பில் சிறு வெடிப்பு இருந்தால் ஓரம் காய்ந்துவிடும். லாரியில் குலுங்கி வந்தாலும் அதே கதி. கலங்கிய மண்ணைச் சோதித்தால் வளைகோடு அழகாகத்தான் வரும். ஆனால் அந்த மண் முன்பு எவ்வளவு பாரம் தாங்கியிருந்தது என்பதைக் காட்டும் வளைவு மழுங்கிப்போய், எங்கே கோடு போடுவது என்றே தெரியாது. இரண்டு வார உழைப்பு வீண்.

வலிமையைச் சோதிக்கும் டிரையாக்சியல் கருவியில் அவசரம் இன்னும் கெடுதல் செய்யும். முதலில் மாதிரியின் துளைகளில் காற்றே இல்லாதபடி தண்ணீரை நிரப்ப வேண்டும். வெளியே ஏற்றும் அழுத்தத்தில் எத்தனை பங்கு உள்ளேயுள்ள நீரில் தெரிகிறது என்று பார்த்து, அந்த எண் 0.95ஐ எட்டிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். களிமண்ணில் இதற்கே நாள்கணக்கில் ஆகும். அதன்பின் மிக மெதுவாக அழுத்த வேண்டும். வேகமாக அழுத்தினால், மாதிரியின் நடுவே எழும் நீரழுத்தம் அடியிலுள்ள மானியை வந்து சேர்வதற்குள் சோதனையே முடிந்துவிடும். ஏட்டில் ஒரு எண் பதிவாகும். அது மண்ணின் எண் அல்ல.

இது வெறும் ஏட்டுச் சங்கதி என்று எண்ணிவிடக்கூடாது. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி வட்டப்பாதை ரயில் பணியின்போது நிக்கல் நெடுஞ்சாலை அருகே 30 மீட்டருக்கும் ஆழமான பள்ளம் இடிந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். விசாரணைக் குழு சுட்டிய முக்கியமான பிழைகளில் ஒன்று, பள்ளத்தின் பக்கச்சுவரைப் பிடித்து நிற்கும் தாங்கு உத்திரமும் குறுக்குத் தாங்கியும் சேரும் இணைப்பு போதிய வலுவின்றி வடிவமைக்கப்பட்டது. மற்றொன்று, மென்களிமண்ணுக்குப் பொருந்தாத கணக்கீட்டு முறையைக் கணினியில் பயன்படுத்தியது. மென்களிமண்ணை அழுத்தி நகர்த்தும்போது உள்ளே நீரழுத்தம் ஏறி, துகள்களுக்கு இடையிலான பிடி குறையும். கையாண்ட எளிய முறை அதைக் கணக்கில் எடுக்காது. ஆகவே மண் உண்மையில் இருப்பதைவிட வலுவானதாகவும், பக்கச்சுவர் குறைவாகவே வளைவதாகவும் கணினி காட்டியது. களிமண் பற்றிய முனைவர் ஆய்வில் மெதுவாக அழுத்திப் பெற்ற ஒவ்வொரு எண்ணும் இத்தகைய கணக்கீடுகளைச் சரிபார்க்கத்தான் போய்ச் சேருகிறது. நாளை மிச்சம் பிடிக்க அந்த நிலையில் குறுக்குவழி தேடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

காங்கிரீட் பக்கம் இப்போது இங்கே சூடான தலைப்பு, குப்பை எரிசாம்பலை மணலுக்குப் பதிலாகப் பயன்படுத்துவது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. 1999 முதல் செமாகாவ் நிரப்புநிலத்துக்குப் போகும் சாம்பல், இதே வேகத்தில் போனால் 2035 வாக்கில் அதை நிறைத்துவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. மணலோ இறக்குமதி. தலைப்பு நல்ல தலைப்புதான், ஆனால் அதன் காலக்கணக்கு கடினமானது. எரியுலையின் அடியில் தங்கும் அடிச்சாம்பலில் அலுமினியத் துணுக்குகள் கிடக்கும். சிமெண்டின் காரம் பட்டதும் அவை ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அச்சில் ஊற்றிய கலவை மாவு புளித்ததுபோல உப்பி, இறுகியபின் உள்ளே துளையும் மேலே வெடிப்புமாக நிற்கும். அதைத் தடுக்கச் சாம்பலை முன்கூட்டியே காரநீரில் ஊறவைக்கலாம், அல்லது வாரக்கணக்கில் வெளியில் போட்டு ஆறவிடலாம். குளோரைடு தங்கியிருந்தால் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் கழுவவும் வேண்டும். இவ்வளவும் சோதனைக்கான முதல் காங்கிரீட் கட்டையை வார்ப்பதற்கு முன்னால்!

ஒரு நாள் வந்த சாம்பல் போல மறுநாள் சாம்பல் இருக்காது. ஆகவே ஆய்வு முழுமைக்கும் வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி, உலர்த்தி, நன்றாகக் கலந்து, மூடிய பீப்பாய்களில் வைத்துவிடுவது நல்லது. சிமெண்டும் அப்படியே. நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த மூட்டை கட்டிதட்டும். ஆறு மாதம் கழித்து வார்த்த கட்டை வலிமை குறைந்ததற்குச் சாம்பல் காரணமா, பழைய சிமெண்ட் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிறகு கசிவுச் சோதனை. கட்டையைத் தண்ணீரில் மூழ்கவைத்து, அதிலிருந்து கன உலோகம் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்ப்பது. பரவலாகப் பின்பற்றப்படும் தொட்டி முறையில் மொத்தம் 64 நாள். தண்ணீரை எட்டுத் தடவை மாற்ற வேண்டும்: 6 மணி நேரத்தில், 1ஆம் நாள், இரண்டேகால் நாளில், பிறகு 4, 9, 16, 36, 64ஆம் நாள்களில். வியாழக்கிழமை தொடங்கினால் இரண்டேகால் நாள் சனிக்கிழமை பிற்பகலில் வந்து விழும். திங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கிப் பாருங்கள், எட்டு மாற்றமும் வேலைநாளிலேயே, வேலை நேரத்திலேயே வரும். கட்டைக்கு வேண்டிய 28 நாள் பதப்படுத்தலும் நான்கு முழு வாரம் என்பதால், திங்கள்கிழமை வார்த்தால் திங்கள்கிழமையே சோதனைக்குப் போகலாம். இடையில் சீனப் புத்தாண்டோ தீபாவளியோ வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக ஒரு கலவைக்கு 92 நாள். கலவை விகிதம் தவறு என்று 92ஆம் நாளில் தெரிந்தால், இன்னொரு 92 நாள்.

முழு அளவு உத்திரம் வார்ப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளக்க அதில் ஒட்டும் ஸ்ட்ரெய்ன் கேஜ்தான் அவர்களுடைய கண். கம்பியின் வரிகளைக் கொஞ்ச நீளத்துக்கு மட்டும் அரத்தால் தேய்த்து, அசிட்டோன் போட்டுத் துடைத்து, ஒட்டி, ஈரம் புகாத பூச்சு கொடுத்து, கம்பிகளைக் கூட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரின் முனை ஒரு தடவை இடித்தால் போதும், கேஜ் செத்துவிடும். முக்கியமான இடத்தில் எப்போதும் இரண்டு ஒட்டுங்கள். உத்திரம் வார்த்த அதே கலவையில் குறைந்தது மூன்று கட்டைகளாவது வார்த்து, உத்திரத்தை உடைக்கும் அதே நாளில் அவற்றையும் உடையுங்கள். 28ஆம் நாள் வலிமையை வைத்துக்கொண்டு 45ஆம் நாள் உடைந்த உத்திரத்தைக் கணக்கிட முடியாது.

கழிவுநீர் ஆய்வில், நுண்ணுயிர்ச் சேறு தொட்டியில் தங்கும் காலம் 20 நாள் என்றால், மாற்றமின்றி ஒரு சீரான நிலைக்கு வந்து சேர அதுபோல் மூன்று மடங்கு, 60 நாள் விட வேண்டும். அதற்குப் பிறகு எடுப்பதுதான் தரவு. அதற்கு ஒரு மாதம். இப்படி நான்கு வெவ்வேறு இயக்க முறைகளைச் சோதித்தால் ஓராண்டு. பம்பின் ரப்பர் குழாய் தேய்ந்து ஓட்டம் குறைந்ததை யாரும் கவனிக்காமல் விட்டால், நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கட்டடத்தின் வருடாந்திர மின்பராமரிப்பு என்றைக்கு என்பதையும் முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

ஆகவே சேர ஒப்புக்கொள்ளும் முன் நெறியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: எனக்குத் தேவையான கருவி எத்தனை இருக்கிறது, இப்போது அதற்கு வரிசையில் எத்தனை பேர்? மண்ணோ சாம்பலோ தருவதாக எழுத்தில் ஒப்புதல் உண்டா? முந்தைய மாணவர் முதல் மாதிரியை எந்த மாதத்தில் சோதித்தார்? நல்ல நெறியாளர் இதற்குக் கோபிக்கமாட்டார். சேர்ந்த பின், முதல் ஆண்டு முழுவதும் கட்டுரைகளைப் படிப்பதிலேயே கழிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பாதுகாப்புப் பயிற்சியும் இடர் மதிப்பீட்டு ஒப்புதலும் கிடைக்கவே வாரங்கள் ஆகும். விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே போடுங்கள். பாடம் நடக்கும்போதே ஒரு கலவையை வார்த்துப் பாருங்கள், ஒரு களிமண் வில்லையை ஏற்றிப் பாருங்கள். அது ஆய்வேட்டில் சேராமல் போகலாம். எது எங்கே கெடும் என்பது தெரிந்துவிடும்.

கட்டுமானத் தளங்களில் பொறியாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தளத்தில் துளையிடும்போது, நிறுவனமும் திட்ட உரிமையாளரும் அனுமதித்தால், கூடுதலாக இரண்டு குழாய் களிமண் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள். இரு முனையையும் மெழுகால் அடைத்து, மேல்முனை எது, எந்த ஆழம், எந்தத் தேதி என்று குழாயின் மீதே எழுதி, நிமிர்த்திவைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்,
ஜூரோங் வெஸ்ட்