பரப்பளவு 0 என்று சொன்ன மனை

ஆசிரியருக்கு வணக்கம்.

வரைபடத் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. போன வாரம் ஒரு மனையின் பரப்பளவைக் கேட்டால், வரைபடத் தரவுகளைச் சேமித்துக் கணக்கிடும் மென்பொருளான போஸ்ட்ஜிஐஎஸ் 0 என்றது. திரையில் வடிவம் பளிச்சென்று தெரிகிறது! அரை நாள் மென்பொருளைத் திட்டித் தீர்த்த பிறகுதான் வடிவத்தில் என்ன பிழை என்று சொல்லும் எஸ்டி_இஸ்வேலிட்ரீசன் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். கோடு தன்னையே வெட்டிக்கொள்கிறது என்று, வெட்டும் புள்ளியோடு சொன்னது. நான்கு மூலைகளில் இரண்டை யாரோ வரிசை மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். செவ்வகம் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது. ஒரு சிறகு கூட்டலாகவும் மற்றது கழித்தலாகவும் கணக்காகி ஒன்றையொன்று தின்றுவிட்டன.

பூஜ்ஜிய பஃபர் போடு (வடிவத்தைப் பூஜ்ஜிய அகலத்துக்கு விரித்து மறுபடி வரையச் சொல்வது), சரியாகிவிடும் என்பார்கள். பிழை போகும், கூடவே ஒரு சிறகும் போய்விடலாம். பிழையான வடிவத்தைத் திருத்தும் எஸ்டி_மேக்வேலிட் கட்டளை இரண்டையும் காப்பாற்றும், ஆனால் விடை மல்டிபாலிகன், அதாவது பல துண்டுகள் சேர்ந்த வடிவம். பாலிகன் என்ற ஒற்றைத் துண்டு வடிவத்தை மட்டும் ஏற்கும் அட்டவணைப் பத்தியில் அது நுழையாது. அப்படியே நுழைந்தாலும் அது இரண்டு முக்கோணம்தானே, என் செவ்வகம் இல்லையே! கடைசியில் பழைய அளவைத் தாளை எடுத்து மூலைகளைக் கையால்தான் வரிசைப்படுத்தினேன். உங்கள் கணினிப் பக்கத்தில் இதைப் பற்றியும் யாராவது விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வரைபடத் தரவு ஊழியர்