'கெட்' என்ற சின்னச் சொல்

அன்புள்ள கயல்,

அலுவலக மின்னஞ்சல்களில் திரும்பிய பக்கமெல்லாம் 'கெட்' (get) என்ற ஆங்கிலச் சொல் வருகிறது, ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு பொருள் சொல்கிறது, எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொள்.

அகராதியில் முதலில் 'பெறு' என்று இருக்கும். அதை மட்டும் நம்பினால் இந்தச் சொல் கைக்குள் வராது. இதுவரை இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது, அல்லது இருந்த நிலை மாறிவிட்டது. இந்த மாற்றம்தான் அதன் உயிர். தமிழில் 'கிடைத்தது', 'வந்தது', 'ஆனது' என்று பிரித்துச் சொல்வதை ஆங்கிலத்தில் இது ஒன்றே சுமக்கிறது. எனக்கு வேலை கிடைத்தது என்பது 'ஐ காட் த ஜாப்' ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகால வடிவம்). எனக்குக் கோபம் வந்தது என்பது 'ஐ காட் ஆங்ரி'. நாம் 'எனக்கு' என்று தொடங்கும் இடத்தில் அங்கே 'ஐ' வருகிறது, பார்த்தாயா? இருட்டாக இருந்தால் 'இட்ஸ் டார்க்'. இருட்டிக்கொண்டு வந்தால் 'இட்ஸ் கெட்டிங் டார்க்'. திருமணமும் அப்படித்தான். 'ஷி இஸ் மேரிட்' அவளுடைய நிலையைச் சொல்கிறது, 'ஷி காட் மேரிட் இன் 2015' நடந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது. யாரை மணந்தாள் என்று சேர்த்தால் 'மேரிட் டு' என்று வரவேண்டும். 'உடன்' என்பதை அப்படியே பெயர்த்து 'வித்' போடுகிறோமே, அது தவறு.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இன்னோர் இடத்தில். 'முடி வெட்டிக்கொண்டேன்' என்று தமிழில் சொன்னால் வேறொருவர் வெட்டிவிட்டார் என்று யாருக்கும் புரியும். அதை 'ஐ கட் மை ஹேர்' என்று பெயர்த்தால், கத்தரிக்கோலை நீயே எடுத்தாய் என்றுதான் முதலில் படும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்று சொல். முதலில் 'கெட்', அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம்: 'ஐ காட் த லேப்டாப் ரிப்பேர்ட்'. பொருளைக் கடைசிக்குத் தள்ளி 'காட் ரிப்பேர்ட் த லேப்டாப்' என்றால் வாக்கியம் உடைந்துவிடும்.

பொருளுக்குப் பதில் ஆள் வந்தால் நடுவே 'டு' வேண்டும்: 'கெட் ஹிம் டு சைன் இட்'. அவரிடம் பேசி, கேட்டு, எப்படியாவது கையெழுத்து வாங்கிவிடு என்ற முயற்சி அதில் ஒலிக்கும். 'மேக் ஹிம் சைன்' என்றால் கட்டாயப்படுத்துவது. அங்கே 'டு' கிடையாது. மேலாளருக்கு எழுதும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் தொனியே கெட்டுவிடும்.

இந்த இரண்டையும் கொஞ்சம் நின்று படி. 'ஐ காட் டு மீட் ஹர்': அவளைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்': அவளைச் சந்தித்தே ஆகவேண்டும். நடுவில் ஒரு 'ஹேவ்' சேர்ந்ததும் வாய்ப்பு கடமையாகிவிட்டது! பேச்சில் அந்த 'ஹேவ்' தேய்ந்து 'காட்டா' என்று காதில் விழும்; அதுவும் கடமைதான். ஒரு செய்தி தெரியவந்தது என்பதற்கு நம் ஊர் ஆங்கிலத்தில் 'ஐ காட் டு நோ' என்கிறோம். அதற்கு 'ஐ ஃபவுண்ட் அவுட்' தான் இயல்பு. ஒருவரோடு பழகி அவரை அறிந்துகொள்வதற்கு 'கெட் டு நோ' சரியாகப் பொருந்தும்.

எதிர்பாராமல் தலையில் விழும் தீங்குக்கும் இது வரும்: 'மை ஃபோன் காட் ஸ்டோலன்'. திட்டமிட்டு, நிதானமாக நடந்ததற்கு 'வாஸ்' தான் பொருத்தம்: 'த ஹவுஸ் வாஸ் பில்ட் இன் 1950'.

வண்டி ஏறுவதில் ஒரு வழக்கம் உண்டு. பேருந்து, ரயில், விமானம் என்று உள்ளே எழுந்து நடக்க முடிகிறவற்றுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து உள்ளே போய் உட்காரும் காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. பேருந்திலிருந்து 'கெட் டவுன்' என்பது நம் ஊரில் செல்லும், வெளியூர்க்காரர்கள் ஒரு நொடி தயங்குவார்கள்.

'கெட்'டின் மூன்றாம் வடிவத்தை அமெரிக்கர்கள் 'காட்டன்' (gotten) என்பார்கள், பருத்தி இல்லை! 'ஹேவ் காட்டன்' என்றால் அவர்களுக்கு 'கிடைத்திருக்கிறது' அல்லது 'ஆகியிருக்கிறது'. 'ஹேவ் காட்' என்றால் 'கைவசம் இருக்கிறது'. இரண்டும் ஒன்றல்ல. பிரிட்டனில் இரண்டுக்குமே பெரும்பாலும் 'காட்' தான்.

ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை ஸ்காண்டிநேவியர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பழைய நோர்ஸ் மொழியில் அது 'கெத்தா'. 'ஃபர்கெட்' அதற்கு உறவுச் சொல்தான்.

உன் வேலைக்கு முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். உடன் வேலை செய்கிறவர்களுக்கு எழுதும்போது 'கெட்' தாராளமாக வரலாம், அது அந்த மொழியின் இயல்பான பேச்சு. ஒப்பந்தம், அறிக்கை, விண்ணப்பம் என்றால் இடத்துக்கு ஏற்ப மாற்று: கடிதம் வந்தால் 'ரிசீவ்', அனுமதி வாங்கினால் 'அப்டெய்ன்', நிலை மாறினால் 'பிகம்'. நேற்று நீ காட்டிய விண்ணப்பத்தில் 'காட் த பெர்மிஷன்' என்று இருக்கிறது. அதை 'அப்டெய்ன்ட் பெர்மிஷன்' என்று திருத்தி, முன்னால் நிற்கும் 'த'வையும் எடுத்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா