ராத்திரி 9 மணிக்கு கேட் பூட்டுறவங்களுக்கு ஒரு மடல்

குமரி மாவட்டத்துல வீடு இல்லாதவங்களுக்கான காப்பகங்களைப் பாத்துக்கிற அதிகாரிகளுக்கும், அதை எடுத்து நடத்துறவங்களுக்கும் வணக்கம். அதுல ஒரு காப்பகத்துல நான் எட்டு மாசமா இருக்கேன். எந்த ஊருன்னு எழுதல, எழுதினா நாளைக்கு அங்க படுக்கிற மத்த ஆளுகளுக்குத்தான் கரைச்சல்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன், ஏன்னா காப்பகத்துல கிடக்கான்னு சொன்னாலே ஒண்ணு குடிகாரன், இல்லன்னா மனசு சரியில்லாதவன்னு எல்லாரும் முடிவு கட்டிடுறாங்க. குலசேகரம் பக்கம் ஒரு எஸ்டேட்டுல 22 வருஷம் ரப்பர் பால் வெட்டுனவன் நான். விடியறதுக்கு முன்ன நெத்தியில லைட்டைக் கட்டிட்டு மரம் மரமா நடந்து பட்டையை சீவி சிரட்டை வச்சிட்டு வருவோம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடிச்ச அன்னைக்கு நான் வெட்டுன மரத்துல பாதிக்கு மேல முறிஞ்சு விழுந்துச்சு. புதுசா நட்ட ரப்பர்ல கத்தி வைக்க ஏழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் முதலாளி எதுக்கு ஆளை வச்சிருப்பாரு, வேலை போச்சு, வேலையோட சேத்து குடுத்திருந்த வீடும் போச்சு. அப்பறம் வாடகை வீடு, எனக்க வீட்டுக்காரிக்கு சுகமில்லாம ஆனது, ஆஸ்பத்திரி, அவ போனது, அதை எல்லாம் இங்க எழுத எனக்கு தெம்பில்ல.

இப்ப ஒரு ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறேன், பரோட்டாவுக்கு மாவு பிசைஞ்சு குடுக்கேன். கடை அடைக்க 10.30 ஆகும், கல்லைத் தேச்சு தரையைக் கழுவி வெளிய வர 11 ஆகும். உங்க காப்பக கேட் 9 மணிக்கு பூட்டு.

இதுதான் எனக்க பிரச்சனை, இதை சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன். மொத மாசம் பொறுப்பாளர் அண்ணன் எனக்காக எந்திரிச்சு வந்து திறந்து விட்டாரு, அப்பறம் மேல இருந்து யாரோ சத்தம் போட்டாங்கன்னு நிறுத்திட்டாரு. அவர் மேல எனக்கு கோவம் இல்ல, மூணு பேர் பாக்க வேண்டிய வேலையை ரெண்டு பேர் பாக்காங்க, ஒறங்காம எத்தனை நாளைக்கு ஒரு மனுஷன் கேட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பாரு. ஆனா அதுக்குப் பெறவு வாரத்துல நாலஞ்சு நாள் நான் பஸ் ஸ்டாண்டுல தான் படுக்கேன். உங்க ரிஜிஸ்டர்ல எனக்க பேரு இருக்கும், பாய் நம்பர் இருக்கும், நான் சிமெண்ட் பெஞ்சுல செருப்பை தலைக்கு வச்சிட்டு கிடப்பேன். போலீஸ்காரங்க ரவுண்ட்ஸ் வந்து தட்டி எழுப்பி எங்கடே இருக்கேன்னு கேட்டா காப்பகத்துலன்னு சொல்லுவேன், பின்ன இங்க எதுக்கு கிடக்கேன்னு கேப்பாங்க, அதுக்கு நான் என்னத்த சொல்ல.

நான் மட்டும் இல்ல. எங்க கூட ஒரு தம்பி தோவாளை பூச்சந்தையில மூட்டை இறக்குறவன். அங்க வெளிச்சம் வர்றதுக்கு எவ்வளவோ முன்னாலயே வேலை தொடங்கிடும், ஆனா எங்க கேட் திறக்கிறது காலையில 5.30க்கு. அதனால அவன் ராத்திரியே வெளிய போயி சந்தையில சாக்கு மேல படுத்துக்கிறான். இன்னொரு அண்ணன் வாட்ச்மேன், ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு காலையில ஏழு மணிக்கு வருவாரு, அப்ப எங்களை எல்லாம் கூட்டிப் பெருக்கணும்னு வெளிய அனுப்பிட்டு இருப்பாங்க, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் மறுபடி உள்ள விடுவாங்க. அவர் பார்க்குல மரத்தடியில ஒறங்குவாரு, மழை வந்தா அதுவும் இல்ல. நம்ம ஊர்ல மழைக்கு என்ன பஞ்சம், ஜூன்ல ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில ஒரு மழை.

2010ல உச்ச நீதிமன்றம் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேணும், அது வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு சொல்லிச்சு. 2013ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்லயும் அதேதான், ஒரு ஆளுக்கு 50 சதுர அடி இடம், மூட்டைப்பூச்சி கொசுவுக்கு மருந்து, போர்வை துவைக்கிறதுன்னு எல்லாம் எழுதியிருக்கு. காப்பகத்தை பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், சந்தை பக்கத்துல வைக்கச் சொல்லியிருக்காங்க. வீடு இல்லாத ஆளு வேலை செய்யிற எடம் அதுதான்னு அதை எழுதினவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. அதை எனக்க போன்ல படிச்சப்ப கண்ணு நெறஞ்சிட்டு, பொய் சொல்லல. எங்களை வேலைக்குப் போற மனுஷங்களா நெனச்சு யாரோ ஒரு ஆபீஸ்ல உக்காந்து எழுதியிருக்காங்க. உங்க கேட்டு நேரத்தைப் போட்டவங்களுக்கு மட்டும் அந்த நெனப்பு ஏன் வரல.

போன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நாப்பது பேருக்கு ஒரே ஒரு பிளக் போர்டு, அதுல நாலு ஓட்டை, ஒண்ணு வேலை செய்யாது. சார்ஜ் போட வரிசை வச்சிருக்கோம், ஆளுக்கு அரை மணி நேரம், போனை விட்டுட்டு நகந்தா போன் இருக்காதுன்னு அவனவன் சுவத்துல சாஞ்சு நின்னுட்டே ஒறங்குவான். ஹோட்டல் முதலாளி கூப்பிடும்போது போன் ஆஃப்ல இருந்தா அன்னைக்கு வேற ஆளைப் போட்டுடுவாரு, அந்த நாள் சம்பளம் போச்சு. பூட்டு போட ஒரு பெட்டி கிடையாது. எனக்க ஆதார், பாஸ்புக், வீட்டுக்காரிக்க ஒரு போட்டோ, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி இடுப்புல கட்டிட்டுத்தான் பாத்திரம் கழுவுறேன், போட்டோ ஓரம் எல்லாம் ஊறி வெளுத்துப் போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், தப்பா எடுக்காதீங்க. பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் வந்து சாப்பாடு குடுக்கிறவங்களுக்கு எங்க எல்லாருக்க நன்றியும் உண்டு, நல்ல மனசு, பிரியாணி எல்லாம் கொண்டு வாறாங்க. ஆனா பொதியை கையில பிடிச்சிட்டு வரிசையா நில்லுங்க, இங்க பாருங்கன்னு போட்டோ எடுக்காங்க. எனக்க மகளுக்க மாமியார் வீட்டுல நான் இங்க இருக்கேன்னு தெரியாது. நான் ஒரு ஓரமா மூஞ்சியைத் திருப்பிட்டு நின்னா, சாப்பாடு வேணும் போட்டோ வேண்டாமான்னு அன்னைக்கு ஒருத்தர் கேட்டாரு. நான் அந்தப் பொதியை அப்படியே வச்சிட்டுப் போயிட்டேன், ரெண்டு நாளு வெப்ராளம் தீரல. எடுக்க முன்னாடி கேக்கணும், வேண்டாம்னு சொல்றவங்களை விட்டுடணும்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லி வச்சா போதும்.

கேட்டு விஷயத்துக்கு பெரிய செலவு ஒண்ணும் இல்ல. ராத்திரிக்கு ஒரு ஆளு கூடுதலா போடுங்க, முடியலன்னா எங்கள்ல ரெண்டு பேர் முறை வச்சு கேட்டுல இருக்கோம், நான் மொத ஆளா எழுதித் தாறேன். நான் எங்க வேலை செய்யிறேன், எத்தனை மணிக்கு முடியும்னு முதலாளிகிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொன்னா அதையும் கொண்டு வாறேன். குடிச்சிட்டு வாறவன் உள்ள வந்து கலாட்டா பண்ணுவான்னு நீங்க பயப்படுறது நியாயம்தான், நாங்களும் அதுக்கு பயந்துதான் படுக்கோம், ஆனா அப்படி வாறவன் எட்டு மணிக்கும் வாறான்.

கடைசியா ஒரு காரியம், இது எனக்காக இல்ல. எங்க கூட ஒரு தாத்தா இருக்காரு, வள்ளத்துல போயி மீன் பிடிச்சவரு, இப்ப கண்ணு சரியா தெரியாது. அவருக்கு 1200 ரூபா முதியோர் பென்ஷன் கிடைக்கணும், விசாரிச்சா விலாசம் வேணும்னு சொல்லுறாங்க, காப்பகத்து விலாசத்தை குடுக்கலாமான்னு கேட்டா அதுக்கு மேல இருந்து உத்தரவு இல்லன்னு சொல்லுறாங்க. காப்பகத்துல இருக்கிறவங்களுக்கு அடையாளச் சான்றும் தபால் விலாசமும் கிடைக்க வழி செய்யணும், பென்ஷன் ரேஷன் எல்லாம் வாங்கித் தரணும்னு அந்த வழிகாட்டுதல்லயே இருக்கு. அவருக்க ஃபார்மை நான் நிரப்பி வச்சிருக்கேன், விலாசம் எழுதுற எடம் மட்டும் காலியா கிடக்கு. இவரு இங்கதான் இருக்காருன்னு லெட்டர்பேட்ல ஒரு கையெழுத்தும் சீலும் போட்டுத் தாங்க. திங்கக்கிழமை எனக்கு மத்தியானத்துக்கு மேலதான் வேலை, காலையில அவரை கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போயி நானே குடுத்துட்டு வந்திடுவேன்.