வரிசை எண் வேறு, ரசீது எண் வேறு

அன்புள்ள தம்பிக்கு,

அபார்ட்மென்ட் அசோசியேஷன் பொருளாளர் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கேட்டதும் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. நான் நீ அனுப்பிய எக்செல் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஆடிட்டர் ஆபீசில் பழகிய கண் ஆயிற்றே, முதல் பத்தியிலேயே நின்றுவிட்டது. வரிசை எண்ணை ஒவ்வொன்றாகக் கையால் அடித்திருக்கிறாய் போல. 86-க்கு அப்புறம் 88 வருகிறது.

ஏ2 கட்டத்தில் 1, அதற்குக் கீழே ஏ3-இல் 2 போடு. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் வலது கீழ் மூலையில் குட்டியாக ஒரு பச்சைச் சதுரம் தெரியும். மவுஸை அதன்மேல் வைத்தால் மெல்லிய கறுப்புக் கூட்டல் குறி வரும். அப்போது டபுள் கிளிக் செய். பக்கத்துப் பத்தியில் பெயர் இருக்கும் வரை எண் தானாக நிரம்பிவிடும். 1 மட்டும் போட்டு இழுத்தால் எக்செல் எல்லா வரியிலும் 1 என்றே போடும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் எண் ஏறும். லிப்ரே ஆபீஸ் என்கிற இலவச மென்பொருளில் இது தலைகீழ்.

கதவு எண்ணை மட்டும் இப்படி இழுக்காதே. மாடிக்கு நாலு வீடு என்பது அதற்குத் தெரியாது. ஏ-104-க்குப் பிறகு ஏ-105, ஏ-106 என்று கட்டாத வீட்டுக்கெல்லாம் எண் கொடுத்துக்கொண்டே போகும்.

யாராவது வீட்டை விற்றுவிட்டுப் போனால் அந்த வரியை நீக்குவாய், நடுவில் ஓர் எண் காணாமல் போகும். அதற்கு ஏ2-வில் சமக்குறி போட்டு, ரோ (ROW) என்று ஆங்கிலத்தில் அடித்து, உள்ளே ஒன்றுமில்லாத அடைப்புக்குறி, பிறகு கழித்தல் 1 போட்டுக் கீழே வரை நிரப்பிவிடு. தலைப்பு ஒரு வரி என்பதால்தான் அந்த 1. எந்த வரியை நீக்கினாலும் எண்கள் தாமே நெருங்கிக்கொள்ளும்.

ஆனால் ரசீது எண்ணுக்கு இந்த ரோ வேண்டவே வேண்டாம். அது போடுகிற எண் வரிக்குத்தான் சொந்தம், ஆளுக்கு இல்லை. இன்றைக்கு சி-302-க்கு 47 என்று காட்டும். பெயர் வரிசைப்படி அடுக்கினால் (Sort) அதே வீட்டுக்கு 12 என்று காட்டும். ரசீது புத்தகத்து அடிக்கட்டையில் 47 என்றே இருக்கும். தணிக்கைக்கு வருகிறவர் அடிக்கட்டையையும் கணக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் டிக் போடுவார். ஏற்கெனவே ரோ போட்டிருந்தால், அப்படி அடுக்குவதற்கு முன்னால் அந்தப் பத்தியைக் காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று ஒட்டிவிடு. எண் அப்படியே உறைந்துவிடும். கேன்சல் ஆன ரசீதின் வரியை நீக்காதே. எண் இருக்கட்டும், தொகையில் 0 போட்டு எதிரே ‘ரத்து’ என்று எழுது. எங்கள் ஆபீசில் விட்டுப்போன எண்ணுக்குத்தான் முதல் கேள்வியே வரும்.

தவணைத் தேதிக்கு ஒரு வழி உண்டு. 31 ஜனவரி என்று போட்டு, மவுஸின் வலது பட்டனால் கீழே இழுத்து விட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் மாதங்களை நிரப்புவதைத் தேர்ந்தெடுத்தால் பிப்ரவரிக்கு 28 அல்லது 29, மார்ச்சுக்கு 31 என்று அதுவே சரியாகப் போட்டுக்கொள்ளும்.

பாக்கிக்காரர்களிடம் லிப்டில் வைத்துக் கேட்காதே, மனஸ்தாபம் வரும். குரூப்பில் போடாமல் தனித்தனியாக மெசேஜ் அனுப்பு.

அன்புடன்,
அம்மா