அப்பா எறிந்த இரண்டு பந்து

அன்புள்ள கணேசன்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வெளியே போவது குறைந்து, பழைய பேஸ்பால் ஆட்டங்களைப் பார்ப்பது கூடிவிட்டது. இப்போது பிடித்திருக்கும் பைத்தியம் லூயிஸ் டியான்ட் என்ற கியூபாக்காரர்.

2024 அக்டோபரில், 83 வயதில் இறந்துபோனார். அடிக்க நிற்பவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பந்தை விடுவார். எங்கிருந்து வருகிறது என்று அந்த ஆளுக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

டியான்டின் அப்பாவும் பிட்சர்தான், அதாவது பந்து எறிபவர்; இடது கைக்காரர். கறுப்பர் என்பதால் அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான மேஜர் லீகில் இடமில்லை. கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீகில் நியூயார்க் கியூபன்ஸ் அணிக்கு ஆடினார். ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பருக்கு மேஜர் லீகின் கதவு திறந்த 1947-ல் அப்பாவுக்கு வயது 40. கடைசியில் ஹவானாவில் பெட்ரோல் பங்க் வேலை. பட்டது போதும், மகனுக்கு இந்த விளையாட்டே வேண்டாம் என்று நின்றவரை மனைவிதான் சம்மதிக்க வைத்தார்.

1961-ல் மெக்சிகோவில் ஆடிக்கொண்டிருந்த மகன், கல்யாணம் ஆன கையோடு ஊருக்கு வர நினைத்தபோது, வராதே என்று அப்பா எழுதினார். காஸ்ட்ரோ அரசு தொழில்முறை விளையாட்டை நிறுத்திவிட்ட சமயம். உள்ளே போனால் வெளியே வர முடியாது. அப்புறம் 14 வருடம் அப்பாவும் மகனும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

1968-ல் மேஜர் லீகில் கிளீவ்லாந்து அணிக்காக மகன் எறிந்தபோது, ஒன்பது இன்னிங்ஸுக்கு (ஒரு முழு ஆட்டம்) சராசரியாக 1.60 ரன்தான் கொடுத்தார். அதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அடுத்த வருடமே 20 தோல்வி, 1970-ல் தோள்பட்டை எலும்பு முறிவு, 1971-ல், அப்போது அவர் இருந்த மினசோட்டா அணி கழற்றிவிட்டது. சின்ன லீகில் இறங்கி எறிந்து, பாஸ்டன் அணியில் மீண்டு, 1972-ல் அதே சராசரி 1.91. எனக்கு இதுதான் பெரிய சாதனை.

1975-ல் அமெரிக்க செனட்டர் மெக்கவர்ன் கியூபா போனபோது, டியான்டின் பெற்றோரை அனுப்பும்படி கேட்டு இன்னொரு செனட்டர் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். காஸ்ட்ரோ சம்மதித்தார். ஆகஸ்ட் 26, பாஸ்டன் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கில் முதல் பந்தை எறிய அப்பாவை அழைத்தார்கள். மனிதர் கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு எறிந்தார். பந்து தாழ்வாகப் போனது. கௌரவத்துக்கு எறிகிற பந்துதானே, சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பந்தைத் திரும்பக் கேட்டு வாங்கி இன்னொன்று போட்டார். அது நேராகப் போனது.

அந்த அக்டோபரில், மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், பெற்றோர் பார்க்க, முதல் ஆட்டத்தில் டியான்ட் சின்சினாட்டிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நாலாவது ஆட்டத்தில் 150-க்கும் மேற்பட்ட பந்துகள் எறிந்து 5-4 என்று ஜெயித்தார். தொடர் என்னவோ சின்சினாட்டிக்குத்தான். அடுத்த வருடம் டிசம்பரில் அப்பா காலமானார். சில நாளில் அம்மாவும்.

229 வெற்றி. உயிரோடு இருந்தவரை, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் டியான்டைச் சேர்க்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது, விடு.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. அந்த நாலாவது ஆட்டத்தைப் போடுகிறேன். ரூல்ஸ் புரியவில்லை என்று பாதியில் எழுந்து போகக் கூடாது, சரியா?

அன்புடன்,
ராமு