'கைவினைப் பொருள்களிலும் ஆர்வம் கொண்டவராம்'!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 3 பிறந்தநாள் குறிப்பில் கமலாதேவி சட்டோபாத்யாயாவுக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தீர்கள், நன்றி. "கவிஞர் ஹரீந்திரநாத்தின் மனைவி, சரோஜினி நாயுடுவின் தம்பி மனைவி, கைவினைப் பொருள்களிலும் ஆர்வம் கொண்டவர்." எதிர்ப்பக்கத்தில் ஒரு நடிகரின் புது காருக்கு அரைப் பக்கம். சரி, கார் பெரிசு, இடம் வேண்டும்தான்.

அந்தக் கவிஞரை அவர் விவாகரத்து செய்துவிட்டார் என்பது தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சிறுவயதில் விதவையாகி, மறுமணம் செய்து, அதிலிருந்தும் துணிந்து வெளியே வந்த பெண்ணை இன்னமும் 'மனைவி' என்றே அறிமுகப்படுத்துகிறீர்கள். போகட்டும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த 'லும் ஆர்வம்'தான்.

ஆர்வம் என்றால் நான் மாங்காய் சீசனில் ஊறுகாய் போடுவது. அவர் செய்ததற்கு அது பெயரா? பெண்கள் தேர்தலில் நிற்க அனுமதி கிடைத்த 1926ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண சட்டசபைக்கு மங்களூரில் நின்று மயிரிழையில் தோற்றவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் பம்பாய் பங்குச் சந்தைக்குள்ளேயே போய் உப்புப் பொட்டலம் விற்றுச் சிறை சென்றவர். நல்ல குடும்பத்துப் பெண்கள் நடிப்பதா என்று ஊர் முகம் சுளித்த காலத்தில் பேசாப்படத்தில் நடித்தவர். பிரிவினையில் எல்லை கடந்து வந்த அகதிகளைக் கூடாரத்தில் சோற்றுக்குக் காத்திருக்க விடாமல், கூட்டுறவு அமைத்து, ஃபரீதாபாத்தில் அவர்கள் கையாலேயே ஊர் எழப் பாடுபட்டவர். மகசேசே விருது 1966இல் சும்மா வந்துவிடவில்லை. 1964இல் அவர் தொடங்கிய இந்தியக் கைவினைக் கழகத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. தங்கள் அலுவலகத்திலிருந்து பஸ் ஏறினால் போய் விசாரித்திருக்கலாம்.

எனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் பத்தமடைக்காரி. கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் ஊறிய கோரையை எடுத்து, மடியில் ஈரத்துணி போட்டு, கத்தி நுனியால் நாலைந்தாகக் கிழித்துக்கொண்டிருப்பார் என் உம்மா. கிழித்தது தலைமுடி போல இருக்கும். ஒரு பட்டுப்பாய் முடிய மாதக்கணக்கில் ஆகும், கல்யாணப் பாய் என்றால் பொண்ணு மாப்பிள்ளை பேரும் நெய்ய வேண்டும். அதில்தான் எங்கள் ஐந்து பேரின் பள்ளிக்கூடச் சம்பளம். ஒருநாள் கணக்கெடுக்க வந்த அதிகாரி ஒருவர், "பொழுதுபோக்கா செய்றீங்களா பாட்டி?" என்றார். உம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஆமா வாப்பா, பொழுது போகலேன்னா பசிக்கும்ல" என்றார்.

அந்த அதிகாரி சொன்ன 'பொழுதுபோக்கு'தான் தங்கள் பத்திரிகையில் 'ஆர்வம்' ஆகியிருக்கிறது. கமலாதேவியின் பெயர் உம்மாவுக்குத் தெரியாது. ஆனால் 1952இல் கைவினை வாரியத் தலைவரானதும் ஊர் ஊராகப் போய், இது வேலை, இதற்குக் கூலி வேண்டும், மரியாதை வேண்டும் என்று மன்றாடியவர் அவர். இப்போது அவர் பெயருக்குப் பக்கத்திலேயே 'ஆர்வம்'!

அப்புறம் இன்னொன்று. மூன்று வருஷத்துக்கு முன் தங்கள் கைத்தறிச் சிறப்பிதழுக்கு உம்மா பாய் நெய்யும் படத்தை அனுப்பியிருந்தேன். அது வரவில்லை. அதற்குப் பதில் பிளாஸ்டிக் பாய் ஒன்றின் படத்தைப் போட்டு, கீழே 'பத்தமடைப் பாய்' என்று அச்சிட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. சந்தாவை மட்டும் நிறுத்தவில்லை, அது என் புத்தி.

திருத்தம் போடுவதும் போடாததும் தங்கள் விருப்பம். உம்மா போன வருஷம் மௌத்தாகிவிட்டார். அவர் தறியில் உட்கார்ந்த படம் எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் வைத்திருக்கிறேன். தேடிப் பார்த்து அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
பத்தமடை.