உதடு 2 நிமிஷம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் என் வலது கண். புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று பார்த்தால் வானம், சட்டை, பக்கத்து வீட்டுக் கதவு எல்லாவற்றிலும் நீலம் தூக்கலாக இருந்தது, மிஷின்காரன் இங்க்கைக் கூடுதலாக விட்டுவிட்ட மாதிரி. நேற்று ஆடிப்பெருக்கு. வழக்கம்போல அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களுக்குப் பூஜை போட்டு வெளியிட்டார்கள். உன் முழங்கால் தேவலையா? கோயம்புத்தூர் ஆடிக் காற்றில் சாயங்கால நடையை விடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் வேலை பார்த்த பிரஸ்ஸில் இப்போது முதலாளியின் பேரன்தான் எல்லாம் பார்க்கிறான். போன மாதம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். கேமரா ரூமுக்கு மேலே பரண் இருந்ததே, அதைக் காலி செய்திருக்கிறார்கள். பழுப்புக் கவர்களில் கட்டுக் கட்டாக, சாமிப் படங்களை அச்சுக்காகக் கலருக்கு ஒன்றாகப் பிரித்து எடுத்த நம் லித் ஃபிலிம்கள்! பெரும்பாலும் 20-க்கு 24 அங்குலம். மற்ற இடங்களில் இருந்ததெல்லாம் வெள்ளி எடுக்கிறவர்களிடம் எடைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இவை தப்பித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்தப் பரணில் ஏற யாருக்கும் சோம்பல்.

பையன் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்கிறான். நல்ல எண்ணம்தான். முதலில் ஆபீஸ் ஸ்கேனரில் வைத்துப் பார்த்திருக்கிறான். அதில் மேலிருந்து ஃபிலிமை ஊடுருவி வெளிச்சம் வராது, அகலமும் பத்தாது. பிறகு ஒரு நண்பனிடம் மேல் விளக்கு வைத்த ஸ்கேனர் வாங்கி வந்தான். அதில் 8-க்கு 10 அங்குலம்தான் கொள்ளும். துண்டு துண்டாக 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், எடுத்து ஒட்டியிருந்தான். காட்டியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. முருகன் முகம் முழுக்கக் கைலிக் கட்டம்! அங்குலத்துக்கு 133 வரிசைப் புள்ளி விழும்படி நாம் 133 லைன் ஸ்கிரீன் போட்ட ஃபிலிம் அது. ஸ்கேனரின் கட்டமும் நம் ஸ்கிரீன் புள்ளியும் ஒன்றோடொன்று மோதினால் வேறென்ன வரும்? புள்ளியைப் புள்ளியாகவே பிடிக்க வேண்டும், 1200-க்குக் குறையாதே என்றேன். கணக்குப் போட்டான். ஒரு ஃபிலிமுக்கு 24,000-க்கு 28,800 பிக்சல், கிட்டத்தட்ட 690 எம்பி. நான்கு கலர் சேர்ந்தால் ஒரு படத்துக்கே 2.7 ஜிபிக்கு மேல். தலையில் கை வைத்துக்கொண்டான்.

இப்போது ஸ்கேனரை விட்டுவிட்டோம். நம் லைட் டேபிளில் டியூப் லைட்டைக் கழற்றி எல்இடி பேனல் போட்டு, இரண்டு அங்குலம் மேலே பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட். அதன் மேல் ஃபிலிம், அதற்கு மேலே கம்பத்தில் தலைகீழாக 45 மெகாபிக்சல் கேமரா. ஃபிலிமைச் சுற்றிக் கறுப்பு அட்டை போட்டு மறைக்காவிட்டால் ஓரத்து வெளிச்சம் லென்சுக்குள் புகுந்து எல்லாவற்றையும் வெளிற அடிக்கிறது. கேமரா நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு தந்திரம் கற்றுக்கொண்டேன். ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தால், லென்ஸ் தன்னையே திரையின் நடுவில் பார்க்க வேண்டும். கேமராவை அசைப்பதில்லை, ஃபிலிமைத்தான் தள்ளுகிறோம். ஒரு ஃபிலிமுக்கு 30 ஷாட். ஒட்டும்போது வேறொரு கூத்து: புள்ளிகள் எல்லாம் ஒரே ஜாடை என்பதால் சாஃப்ட்வேர் ஒரு வரிசை தள்ளி ஒட்டிவிடுகிறது. அதற்காக டேபிள் ஓரத்தில் ஸ்கேலை ஒட்டி, அளந்து அளந்து நகர்த்துகிறேன். இந்த வயதில் மறுபடியும் ஃபிலிமை அளந்து ஒட்டுகிற ஸ்டிரிப்பிங் வேலை!

எந்த ஃபிலிம் எந்தக் கலர் என்று எழுதாத கவர்கள் நிறைய. எல்லாமே கறுப்பு வெள்ளைதானே, பையன் திகைத்துப் போனான். லூப்பை, அந்தச் சின்ன பூதக்கண்ணாடியை, வைத்துப் புள்ளியின் சாய்வைப் பார் என்றேன். 45 டிகிரி கறுப்பு, 75 சிவப்பு, 15 நீலம், நேராக நின்றால் மஞ்சள். அன்றிலிருந்து என்னை வைத்தியர் மாதிரி பார்க்கிறான்.

ஆனால் சில கட்டுகளைப் பிரித்தாலே காடி நெடி, ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி. அசிட்டேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அதிலிருந்தே அசிட்டிக் அமிலம் வருமாம், அந்த அமிலமே மேலும் கெடுக்குமாம். அவற்றைத் தனி அறைக்கு மாற்றி, முதலில் அவற்றைத்தான் எடுக்கிறோம். பிந்திய பாலியஸ்டர் ஃபிலிம்கள் கல் மாதிரி இருக்கின்றன. ஒரு கஜலட்சுமி செட்டில் மூன்று கலர் பாலியஸ்டர், மஞ்சள் மட்டும் அசிட்டேட். யார் செய்த புண்ணியமோ, அன்றைக்கு ஸ்டாக் தீர்ந்திருக்கும். மஞ்சள் நீளத்தில் 3 மில்லிமீட்டர் சுருங்கிவிட்டது. கலர்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிற ரிஜிஸ்டர் மார்க்கை ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கம் யானைத் தும்பிக்கைக்கு வெளியே மஞ்சள் நிழல் விழுகிறது. மிஷினில் என்றால் திட்டு வாங்கியிருப்போம். கம்ப்யூட்டரில் இழுத்துச் சேர்க்கலாம், சேர்த்தோம்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். மழை ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு ஃபிலிம்களை அவசரப்பட்டுப் பிரித்தேன். ஒன்றின் மருந்துப் பூச்சு மற்றதோடு உரிந்து வந்துவிட்டது. சரஸ்வதியின் வீணை பாதி போச்சு. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பையனோடு எனக்கு ஒரு சண்டை. அவன் ஓரத்தை வெட்டி, வெளிச்சம் புகாத சிவப்பு ஒப்பேக் மை வைத்து நீ அடைத்த புள்ளிகளையெல்லாம் துடைத்துச் சுத்தமான படமாக வைக்க நினைக்கிறான். நான் விடவில்லை. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் வழியில் வந்தவர்களும் வரைந்த படங்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். டார்க் ரூமில் நாம் செய்தது இந்த ஓரங்களில் மட்டும்தான் இருக்கிறது. கடைசியில் இரண்டு ஃபைல் என்று முடிவாயிற்று. ஓரம், அழுக்கு, செல்லோ டேப் உட்பட எடுத்தது எடுத்தபடி ஒன்று. அவன் இஷ்டத்துக்கு ஒன்று.

வள்ளி தெய்வானை செட்டின் சிவப்பு நெகட்டிவ் ஓரத்தில் பென்சிலில் உன் கையெழுத்து: "உதடு 2 நிமிஷம்". ஃபெர்ரி சயனைடைப் பிரஷ்ஷில் தொட்டு நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், நான் கடிகாரம் பார்த்துச் சொல்வதும் அப்படியே கண் முன்னால் வந்தது. நெகட்டிவில் வெள்ளி கரையக் கரைய அச்சில் சிவப்பு ஏறும் என்று பையனுக்கு விளக்கினேன். லூப்பில் பார்த்தால் உதட்டில் மட்டும் புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி அகன்றிருக்கிறது.

ஒன்றுதான் புரியவில்லை. கறுப்பு ஃபிலிம் ஏழெட்டில், இடது கீழ் மூலையில், சின்னதாக ஒரு வாத்து போட்டிருக்கிறாய். சிலதில் அது வலப்பக்கம் பார்க்கிறது, சிலதில் இடப்பக்கம். அது என்ன கணக்கு? குறிப்பு எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். சும்மா விளையாட்டுக்கு வரைந்தது என்றால் அதையே எழுதிவிடுகிறேன்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிற ஆளிடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொடுத்து அனுப்புகிறேன். சர்க்கரை அளவு என்ன என்று முதலில் எழுது, அப்புறம்தான் அரை கிலோவா கால் கிலோவா என்று முடிவு.

உன் மச்சான்,
சிவகாசி